நாயின் நகத்திற் குருதி

நாய்க்குப் பொதுவாக நகங்கள் 18. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து. பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. ஆண்டுக்கணக்காக நாய் வளர்ப்போரிடம் இந்த எண்ணைக் கேட்டாற் பலர் தயங்குவர். அது அவர்தம் குற்றமன்று. கல்லும் சல்லியுமாய்க் கிடந்த ஒழுங்கைகளிலே நாள் முழுவதும் ஓடித்திரிந்த நாயின் நகம் தானாகவே தேய்ந்தது. அதனை எண்ணிப் பார்க்கும் தேவை எவருக்கும் ஏற்படவில்லை. இன்றோ பல வீடுகளில் நாய் மதிலுக்குள்ளே வழுவழுப்பான தரையிற் சங்கிலியிற் கட்டுண்டு கிடக்கின்றது. நகம் வளர்கின்றது, தேய்வதற்கு இடமில்லை. எனவே நகவெட்டி வீட்டார் கைக்கு வந்து சேர்ந்தது. நகவெட்டி வந்த வீட்டிலே என்றேனும் ஒருநாட் குருதியும் காணவே நேரும்.

யாழ்ப்பாண நகரை அடுத்த ஓர் ஊரிலே, ஆவணி விடுமுறைக் காலத்தில், ஒரு வீட்டில் அவ்வாறு நேர்ந்தது. அவ்வீட்டில் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரும், அவர் மனைவியாரும், அவர்களுடைய மகள் வயிற்றுப் பேத்தியும் இருந்தனர். பேத்திக்கு வயது 12. நாயின் பெயர் ஜிம்மி. உயர்ந்த சாதி நாயன்று, ஊர் நாய்தான். ஏறக்குறைய 15 கிலோ எடை. அது விறாந்தையில் நடக்கும்போது நகங்கள் தரையிற் பட்டு 'டக் டக்' என்று ஒலித்தன. "நாளைக்கு வெட்டிவிடுவம்" என்று பாட்டனார் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாட் காலை அவர் ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குச் சென்றிருந்த வேளையில், பேத்தி அவருடைய நகவெட்டியையே எடுத்துக்கொண்டு ஜிம்மியின் அருகில் அமர்ந்தாள்.

முதலிரு நகங்களும் வெண்ணிறமானவை. அவை ஒழுங்காக வெட்டுண்டன. மூன்றாவது கரிய நகம். வெட்டியதும் நாய் வீரிட்டுக் காலை இழுத்தது. விறாந்தையிற் சிவப்புப் பொட்டுக்கள் விழத் தொடங்கின.

பிள்ளை செய்தது யாதெனின், எவரும் செய்யக்கூடியதே. துணியொன்றை எடுத்துத் துடைத்தாள், மீண்டும் குருதி வந்தது, மீண்டும் துடைத்தாள். பின்னர் நாயைக் கிணற்றடிக்கு இழுத்துச் சென்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நாய் உதறிக்கொண்டு வளவைச் சுற்றி ஓடிற்று. ஓடிய இடமெல்லாம் சிவப்பு. பாட்டனார் திரும்பி வந்து படலையைத் திறந்தபோது கண்ட காட்சி, வீட்டிலே ஏதோ பெரும் விபத்து நேர்ந்துவிட்டது என்றே எண்ணச் செய்தது.

"அம்மப்பா, ரத்தம் நிக்குதே இல்லை. ஜிம்மி செத்துப்போயிடுமோ?"

"நகம் வெட்டி ஒரு நாயும் செத்ததில்லைப் பிள்ளை. அழாதை. உள்ளை போய் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வா."

அழுகின்ற பிள்ளையை மணிக்கூடு பார்க்க அனுப்பியது ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம். இங்கே நகத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

நாயின் நகம் வெறும் ஓடன்று. வெளியே இருப்பது கெரற்றின் எனும் கடினப் பொருள். நமது நகத்திலும் மயிரிலும் உள்ளதும் அதுவே. அதனை எவ்வளவு வெட்டினும் நோவில்லை. ஆயின் அவ்வோட்டின் உள்ளே, விரலின் கடைசி எலும்பைச் சூழ்ந்து, குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்சதை நகத்தின் நடுப்பகுதிவரை நீண்டு கிடக்கின்றது. ஆங்கிலத்தில் இதனைக் 'குயிக்' என்பர். விரைவு என்னும் பொருளில் இன்று வழங்கும் அச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் உயிருள்ளது என்பதே பொருள். தமிழில் உயிர்ச்சதை என்று சொன்னாற் பொருந்தும். வெண்ணகத்தை வெளிச்சத்திற் பிடித்தால் உயிர்ச்சதை இளஞ்சிவப்பாக உள்ளே தெரியும். எல்லை எதுவெனக் கண்ணே சொல்லிவிடும். கருநகத்தில் எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளையின் கை மூன்றாவது நகத்திலே தவறியதற்குக் காரணம் இதுதான்.

நகத்தை நெடுங்காலம் வெட்டாமல் விட்டால் உயிர்ச்சதையும் நகத்தோடு சேர்ந்து நீண்டு வருகின்றது. ஆகவே நீண்ட நகத்தை ஒரேநாளிற் குட்டையாக்க முனைவோர் பெரும்பாலும் குருதியையே காண்பர். சிறிது சிறிதாக, சில வாரங்களாக வெட்டி வந்தால் உயிர்ச்சதையும் மெல்லப் பின்வாங்கும்.

இனி, குருதி எவ்வளவு போகும்? 15 கிலோ எடையுள்ள நாயின் உடலில் ஒரு லீற்றருக்கு மேற்பட்ட குருதி உண்டு. நகத்தின் வழியே வழமையாகப் போவது தேக்கரண்டிக் கணக்கே. ஆயினும் ஒரு தேக்கரண்டிக் குருதியை வெண்ணிறத் தரையிலே நாலாபுறமும் தெளித்துவிட்டால் ஆடறுத்த இடம்போலத் தோன்றும். அதிலும் அக்குருதியை நாய் தன் காலாலேயே மிதித்துப் பரப்பும்போது சொல்லவேண்டியதில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது நாயின் உயிருக்குப் பெரிதன்று. உடல்நலமுள்ள நாய்க்கு இஃது ஒரு சிறு காயமே. 'உடல்நலமுள்ள' என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். இவ்வரலாற்றில் அச்சொல்லுக்கு வேலையுண்டு.

குருதி தானாக நிற்பதற்கு உடலே வழி வைத்திருக்கின்றது. குழாய் அறுந்த இடத்திற் குருதிச் சிறுதட்டுக்கள் என்னும் நுண்ணிய துணிக்கைகள் வந்து ஒட்டி முதலில் ஓர் அடைப்பை உண்டாக்குகின்றன. பின்னர் பைபிரின் என்னும் நார் வலைபோற் பின்னி அவ்வடைப்பை இறுக்குகின்றது. இதற்குச் சில நிமிட அமைதி வேண்டும். துடைக்கும் ஒவ்வொரு முறையும் அப்பொழுதுதான் அமைந்த அடைப்பு துணியோடு வந்துவிடுகின்றது. தண்ணீர் ஊற்றினாற் கரைந்தோடுகின்றது. நாய் ஓடினாற் காலிற் குருதியோட்டம் மிகுகின்றது. பிள்ளை அன்புடனே செய்த மூன்று செயல்களும் குருதியை நிற்கவிடாத செயல்களாக முடிந்தன.

கூச்சல் கேட்டு அம்மம்மா அடுக்களையிலிருந்து வந்தார். வரும்போதே கையில் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு இருந்தது.

"இஞ்சாரும், உந்தச் சுண்ணாம்பை அங்காலை வையும். கோதுமை மா ஒரு பிடி கொண்டுவாரும்" என்றார் தபாலதிபர்.

அவர் தடுத்தது சரியே. சுண்ணாம்பு காரமுடையது, திறந்த சதையை அது சுடும். நாய் அதனை நக்கினால் வாயும் நாவும் புண்ணாகும். வீடுகளிலே இவ்வாறு கைக்கெட்டும் மருந்துகள் பல. கோப்பித்தூள் அப்புவோர் உளர். அதனை நாய் நக்கி விழுங்கினால் அதிலுள்ள கஃபீன் நஞ்சாகக்கூடும். புகையிலைத் தூள் அதனினும் தீது. மண்ணெண்ணெயைப்பற்றிப் பேசவே வேண்டாம். மஞ்சட்டூள் இவற்றைப்போலக் கெடுதி செய்வதன்று. ஆயின் குருதி நின்றதா இல்லையா என்று பார்க்கமுடியாதபடி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும்.

ஏற்றவை எவை? மிருக வைத்தியர்கள் வைத்திருக்கும் குருதி நிறுத்தும் தூளொன்று உண்டு. அதன் முதன்மையான சரக்கு இரும்பின் சல்பேற்று உப்பு வகைகளுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரெஞ்சுப் படை மருந்தாளரான மோன்செல் என்பவர் காயங்களுக்காக அதனைக் கரைசலாகப் பயன்படுத்தத் தொடங்கினார். இன்றும் அக்கரைசல் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இத்தூள் நகத்துக்கே உரியது. ஆழமான காயங்களில் இடத்தக்கதன்று. அது கிடையாத வீட்டில் முகச்சவரம் செய்வோர் வைத்திருக்கும் படிகாரக் கட்டி இருக்கும். சீனக்காரம் என்று சொல்வதும் அதனையே. நனைத்து நகத்தின் நுனியில் அழுத்தினால் அது புரதங்களை உறையச்செய்து நுண்குழாய்களைச் சுருக்குகின்றது. சிறிது எரியும், நாய் காலை இழுக்கும். அதுவும் இல்லையெனில் சோள மாவோ கோதுமை மாவோ போதும். மா மருந்தன்று, ஈரத்தை உறிஞ்சி, குருதி உறைவதற்கு ஒரு பிடிப்பைக் கொடுக்கின்றது, அவ்வளவே. உலர்ந்த சவர்க்காரக் கட்டியில் நகத்தின் நுனியைச் சிறிது புதையும்படி அழுத்திப் பிடிப்பதும் பலர் கண்ட வழி.

எனினும் எந்தத் தூள் என்பதைவிட எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதே பெரிது. இதிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தூளைத் தூவிவிட்டு அரை நிமிடத்தில் விரலை எடுத்துப் பார்ப்பர். நிற்கவில்லையென்று வேறு தூள் தேடுவர். மீண்டும் எடுத்துப் பார்ப்பர். செய்யவேண்டியது இதுவே: ஒரு சிறு தட்டில் மாவைக் கொட்டி நகத்தின் நுனியை அதிற் புதைத்து, சுத்தமான துணியொன்றை மேலே வைத்து, விரலாற் சீராக அழுத்திப் பிடித்தல். பிடித்தபின் 5 நிமிடம், கூடினால் 10 நிமிடம், எடுத்துப் பார்த்தல் கூடாது. பதற்றமுள்ளவன் கையில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாக நீளும். மணிக்கூடு ஒன்றே அங்கு உண்மை பேசும். தபாலதிபர் பேத்தியை உள்ளே அனுப்பியது அதற்காகவே. அழுகையை நிறுத்துவதற்கு ஒரு வேலை கொடுப்பதும் அவர் எண்ணமாயிருக்கலாம்.

அழுத்துவதற்கு முன்னர் அவர் மற்றொன்றும் செய்தார். பழைய வேட்டியிலிருந்து ஒரு முழ அகலமின்றி நான்கு விரல் அகலத்தில், இரண்டு முழ நீளத்தில் ஒரு கீற்றுக் கிழித்தார். அதனை ஜிம்மியின் முகவாயைச் சுற்றி ஒரு சுற்று இட்டு, நாடியின் கீழே குறுக்காக எடுத்து, இரு நுனிகளையும் காதுகளின் பின்னே அவிழ்க்கத்தக்க முடிச்சாகக் கட்டினார். "ஜிம்மி எங்களைக் கடியாது, அம்மப்பா" என்றாள் பிள்ளை. கடியாத நாயென்று நோவின்போது ஒன்று இல்லை. நோவு வந்த இடத்தைத் தொடும் கை எவருடைய கையென்று நாய் ஆராய்வதில்லை. குருதி வடியும் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றது. நாயைப் பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதிருத்தல் நன்று.

நாய்க்கடியை இந்நாட்டில் எளிதாக எண்ணுதற்கில்லை. 1973இல் விசர்நாய்க்கடியால் இலங்கையில் இறந்தோர் தொகை 377. நாய்களுக்குத் தடுப்பூசியிட்டும், கடியுண்டோருக்கு மருந்தளித்தும் பின்னர் அத்தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. ஆயினும் அந்நோய் வந்தபின் தப்பினாரைக் காண்டல் மிக அரிது. வளர்ப்பு நாயே கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஜிம்மிக்கு அவ்வாண்டு தடுப்பூசி இடப்பட்டிருந்தது. தபாலதிபர் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். அப்படியிருந்தும் வாயைக் கட்டினார். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாய் தன் உடல் வெப்பத்தை வாய்திறந்து இளைப்பதாலேயே தணிக்கின்றது. ஆகவே வெயில் நேரத்திற் கட்டு நெடுநேரம் இருத்தலாகாது. மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தியெடுக்கும் நாய்க்கும், மூக்குக் குட்டையான சாதிகளுக்கும் துணிக்கட்டு ஆகாது.

மணி 10 அடிக்கும்போது அவர் அழுத்தத் தொடங்கினார். 10 நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தார். மாவு சிவந்து நனைந்திருந்தது. அதன் ஓரத்தால் ஒரு துளி திரண்டது. கட்டைத் தளர்த்தி நாயை மூச்சுவிடச் செய்து, புதிய மாவிட்டு மீண்டும் அழுத்தினார். 10 மணி 20 நிமிடம், துளி திரண்டது. இம்முறை படிகாரத்தை வைத்தார். ஜிம்மி முனகிற்று. 10 மணி 30 நிமிடம் என்று பேத்தி சொன்னாள். விரலை எடுத்தார், சிறிது நேரத்தில் மீண்டும் ஒரு துளி.

காலையிற் பேத்திக்குச் சொன்ன உறுதி அப்பொழுது அவருக்கே நெருடிற்று.

பொதுவாக ஒழுங்காக அழுத்திப் பிடித்த நகம் 10 நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். 20, 30 நிமிடமாகியும் அடங்கவில்லையெனின் குறை நகத்திலோ மாவிலோ இல்லை, குருதியிலேயே இருக்கக்கூடும். மிருக வைத்தியத்திலே இதற்கென ஒரு சோதனையே முன்பு வழங்கி வந்தது. மயக்கத்திலிருக்கும் நாயின் நக நுனியை வேண்டுமென்றே உயிர்ச்சதைவரை வெட்டி, குருதி தானாக நிற்பதற்கு எத்தனை நிமிடம் செல்கின்றதென்று கணக்கிடுவர். நேரம் நீண்டாற் குருதி உறையுந் தன்மையிற் குறையுண்டென்பது முடிவு. இப்பொழுது அதனைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, உதட்டின் உட்புறத்தில் மிகச் சிறிய கீறலிட்டுப் பார்க்கின்றனர். ஆக, அந்த வீட்டு விறாந்தையில் அறியாமையால் நிகழ்ந்தது பழைய வைத்தியர்கள் அறிந்தே செய்த ஒரு சோதனைதான். மணிக்கூடு இருந்தமையால் அது பயன்பட்டது.

குருதி உறையாமைக்குக் காரணங்கள் பல. சில நாய்ச்சாதிகளிற் பிறவியிலேயே குறை உண்டு. டோபர்மன் சாதி இதற்குப் பெயர்பெற்றது. எலி நஞ்சு மற்றொரு காரணம். அதன் வரலாறு வியப்பானது. 1920களில் வட அமெரிக்காவிற் குளோவர் என்னும் தீவனப்புல் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போக, அதனைத் தின்ற மாடுகள் கொம்பு வெட்டும்போது குருதி நிற்காமலே இறந்தன. காரணத்தைத் தேடிச் சென்ற விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்புல்லில் விற்றமின் கே யின் வேலையைத் தடுக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளிற் கிடைக்கும் எலிமருந்துகளுட் பல அதன் வழித்தோன்றல்கள், அதனினும் வலியவை. எலிக்கு வைத்த கட்டியை நாய் தின்றாலும், அல்லது அதனைத் தின்ற எலியை நாய் தின்றாலும், உடனே ஒன்றும் தெரியாது. சில நாட்களின் பின்னரே குருதி கசியத் தொடங்கும். காலத்தோடு கொண்டுசென்றால் விற்றமின் கே கொடுத்து மீட்கலாம்.

"எலிப்பாஷாணம் வைச்சனீரோ?" என்று தபாலதிபர் கேட்டார். "இல்லை. ஏன் கேக்கிறியள்?" என்றார் மனைவியார்.

அவர் ஜிம்மியை மல்லாத்திப் பார்த்தார். மயிர் குறைந்த அடிவயிற்றிலே குண்டூசித் தலையளவான சிவந்த புள்ளிகள் பல இருந்தன. தெள்ளுக் கடித்த தடிப்பென்று நினைத்து விரலால் அழுத்தினார். அழுத்தியும் நிறம் மாறவில்லை. தோலின் கீழே குருதி கசிந்த புள்ளிகள் அவ்வாறுதான் இருக்கும். காதுமடலின் உட்புறத்தில் மூன்று உண்ணிகள் கொழுத்துத் தொங்கின. நாய் இரண்டு மூன்று நாட்களாகச் சோற்றைப் பாதியில் விட்டதையும் அம்மம்மா அப்பொழுதுதான் சொன்னார். வெயிலாக்கும் என்று அவர் எண்ணியிருந்தார்.

நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சல்களுள் ஒன்றை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு ஏர்லிக்கியா என்று பெயர். 1935இல் அல்ஜீரியாவிலே பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் அதனை முதலில் நாயின் குருதியிற் கண்டனர். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் காவல் நாய்கள் பல மூக்கிலிருந்து குருதி பெருகி இறந்தபோது உலகம் அந்நோயின் கொடுமையை அறிந்தது. அதனைக் கொண்டுவருவது கபில நிற நாயுண்ணி. வெப்பநாடுகளில் அது ஆண்டு முழுவதும் பெருகும். காட்டில் மட்டுமன்றி வீட்டுச் சுவர் வெடிப்பிலும் அது முட்டையிடும். ஒரு பெண் உண்ணி இடும் முட்டைகள் ஆயிரக்கணக்கின. நோய் பற்றிய நாயின் உடலிற் குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்துபோகின்றன. முதலடைப்பை உண்டாக்கும் துணிக்கை அதுவேயன்றோ? அது குறைந்தால் மாவும் படிகாரமும் யாது செய்யும்? சில நாய்களில் இந்நோய் மாதக்கணக்கில் வெளித்தோற்றமின்றி ஒளிந்திருப்பதும் உண்டு. வாலை ஆட்டும், குரைக்கும், ஓடும். உள்ளே குருதி மெலிந்துகொண்டிருக்கும்.

காலைத் துணியாற் சுற்றி, மேலே பழைய காலுறையொன்றை மாட்டி, ஜிம்மியை முச்சக்கர வண்டியில் ஏற்றி அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுசென்றனர். கட்டு நழுவாதிருக்க இறப்பர் வளையம் போடலாமென்று பிள்ளை கொண்டுவந்தாள், பாட்டனார் மறுத்துவிட்டார். இறப்பர் வளையத்தை மறந்து விட்டுவிட்டால் அது காலின் குருதியோட்டத்தையே நிறுத்தி விரலை அழுகச்செய்துவிடும். வீட்டிலிருந்த பரசிற்றமோல் வில்லையைக் கொடுப்போமா என்று அம்மம்மா கேட்டதற்கும் அவர் தலையசைக்கவில்லை. மனிதர்க்கான நோவு மருந்துகள் நாய்க்கு நஞ்சாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. வைத்தியர் சொல்லாமற் கொடுத்தலாகாது.

வைத்தியர் வெள்ளி நைத்திரேற்றுக் குச்சியால் நகத்தின் நுனியைத் தொட்டார். அடைப்பு மெதுவாகப் பிடித்தது. காலிலிருந்து சிறிது குருதியெடுத்துச் சோதித்ததிற் சிறுதட்டுக்கள் மிகக் குறைந்திருந்தமை தெரிந்தது. பிறிதொரு சோதனை உண்ணிக் காய்ச்சலென்று உறுதிப்படுத்திற்று. டொக்சிசைக்கிளின் மருந்து நான்கு வாரம். நாயின் மேனியிலும் வீட்டிலும் உண்ணியை ஒழித்தல். அதுவரை நகவெட்டியைத் தொடாதிருத்தல். பிள்ளை ஒரு மூலையில் நின்று கொண்டிருந்தாள்.

"நீரோ வெட்டினது, தங்கச்சி?" என்று வைத்தியர் கேட்டார்.

"ஓம்."

"எத்தனை நிமிசம் நிக்கேல்லை?"

"சரியா அரை மணித்தியாலம். நான் மணிக்கூடு பார்த்தனான்."

ஆழமாக வெட்டியது நல்லதாயிற்று என்று வைத்தியர் சொல்லவில்லை. அது பிழையான வெட்டே. மனிதரின் தட்டையான நகவெட்டி நாயின் உருண்ட நகத்தை இருபுறமும் நசுக்குகின்றது என்றும், நாய்க்கென உள்ள கத்தரிக்கோல் போன்ற கருவி வேண்டுமென்றும், அதுவும் கூர் மழுங்காதிருக்க வேண்டுமென்றுமே சொன்னார். பிள்ளை சொன்ன அரை மணித்தியாலத்தை மட்டும் தம் ஏட்டிற் குறித்துக்கொண்டார்.

குருதி நின்றபின் செய்யவேண்டியவை சில. முதல் ஒரு மணி நேரம் நாயை ஓடவிடாது மெத்தென்ற இடத்திற் கிடத்தல் வேண்டும். சீமெந்துத் தரையில் ஓர் உதைப்புப் போதும், அடைப்பு விலகுவதற்கு. அன்று குளிப்பாட்டுதல் கூடாது. நாய் நக்குவதை இயன்றவரை தடுத்தல் நன்று. பின்வரும் நாட்களில் விரல் வீங்கினால், சீழ் வந்தால், காலை ஊன்றாது நொண்டினால் வைத்தியரிடம் செல்லல் வேண்டும். நகத்தின் உள்ளே எலும்பு இருக்கின்றதென்று முன்னர்ச் சொல்லப்பட்டது. புண் அதனைத் தொட்டால் நாட்பட்ட துன்பமாகும். நகம் அடியோடு பிளந்து தொங்கினால், அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று. அதனைப் பிடுங்க எவரும் முனையலாகாது.

முன்னங்காலின் உட்புறத்தே சற்று மேலே நிற்கும் ஐந்தாவது நகத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். அது நிலத்திற் படாதாகையால் ஓடித்திரியும் நாயிலும் தேயாது. வளைந்து வளைந்து சென்று தோலையே குத்திக்கொண்டு உள்ளே புகுந்த நகங்களை வைத்தியர்கள் அடிக்கடி காண்கின்றனர். மற்றெதனை மறந்தாலும் அதனை மாதம் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

கருநகத்தை வெட்டும் முறை வேறு. ஒரே வெட்டாக வெட்டாமல், பாண் துண்டுபோல மெல்லிய சீவலாகச் சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் வெட்டுமுகத்தை நேரே பார்த்தல் வேண்டும். முதலில் அது உலர்ந்து வெளிறியிருக்கும். நடுவிலே ஈரப்பசையுள்ள கருமையான ஒரு சிறு புள்ளி தோன்றியதும் கையை நிறுத்திவிட வேண்டும். உயிர்ச்சதை அதற்குச் சற்றே அப்பால் இருக்கின்றது. ஐயமிருந்தால் வெட்டாது அரத்தால் தேய்ப்பது பாதுகாப்பு.

ஜிம்மிக்கு மருந்து முடிய நான்கு வாரம் சென்றது. இரண்டாம் முறை எடுத்த குருதியிற் சிறுதட்டுக்கள் வழமைக்குத் திரும்பியிருந்தன. சோறும் உண்டது. ஆனால் நகவெட்டியைக் கண்டதும் கட்டிலின் கீழே புகுந்துகொண்டது. காயம் ஆறிய அளவுக்கு அச்சம் ஆறவில்லை. வலிந்து இழுத்து வெட்டியிருந்தால் அவ்வச்சம் நாயின் ஆயுள் முழுவதும் நின்றிருக்கும். எத்தனையோ வீடுகளில் அவ்வாறே நின்றிருக்கின்றது.

தபாலதிபருக்குப் பொறுமை இருந்தது. அவர் முதல் வாரம் புதிய கருவியைச் சோற்றுக் கோப்பையின் அருகே வெறுமனே வைத்தார். இரண்டாம் வாரம் பேத்தி ஜிம்மியின் காலைத் தொட்டாள், விட்டாள். தொடும்போதெல்லாம் உப்பில்லாமல் அவித்த மீனில் ஒரு சிறு துண்டு கொடுத்தாள். பின்னர் கருவியின் ஒலியை மட்டும் கேட்கச் செய்தனர். நகம் வெட்டத் தொடங்கியபோது நாளொன்றுக்கு ஒரு நகமே வெட்டினர், அதுவும் பாட்டனார் கையால். பேத்தி மாத் தட்டையும் மணிக்கூட்டையும் அருகில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். முன்பு குருதி வந்த அந்தக் கருநகத்தைக் கடைசி நாளுக்கென விட்டுவைத்தனர்.